நிறுத்து, பூட்டு, சொல்: கும்மிடிப்பூண்டியில் ஐந்து நாள்

2025 ஜூலை 14, திங்கட்கிழமை, திருவள்ளூர். காலை 5.10க்கு எழுந்தேன். கூடவே கொண்டுவந்திருந்த கெட்டிலில் வெந்நீர் வைத்து இரண்டு டம்ளர் குடித்தேன். முந்தின நாளின் குறிப்பை எழுதி முடித்தேன். கோவையிலிருந்து வந்த ரயில் நாற்பது நிமிடம் தாமதம் என்பதைத் தவிர அதில் எழுத எதுவுமில்லை. 5.50க்குக் குளியல். 6.20க்கு நாட்காட்டித் தாளைக் கிழித்தேன். வெளியூர் போனாலும் தினசரி நாட்காட்டியைப் பெட்டியில் வைத்துக்கொண்டு போகிறவள் நான். என் மகன் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்; நாள் தெரியவேண்டுமென்றால் மட்டும் என்னைத்தான் கேட்பான். 6.30க்குக் காபி குடிக்க, விடுதிக்குக் கீழே இருந்த கடைக்கு இறங்கினேன்.

கடைக்காரர் காபியை நீட்டும்போதே, "நாஷ்டா ஆச்சா மேடம்?" என்றார். இன்னும் ஏழு மணிகூட ஆகவில்லையே என்றேன். "அப்ப ஆவலன்னு சொல்லுங்க" என்று இட்லியும் வடகறியும் வைத்தார். வடகறியை எங்கள் பக்கத்தில் இப்படிச் செய்வதில்லை. இரண்டு இட்லி என்று மனதில் கணக்கு வைத்திருந்தேன், நாலு ஆனது. தண்ணீர்தான் கோவைக்காரிக்கு ஒத்துவரவில்லை. சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்த நாக்கு எந்த ஊருக்குப் போனாலும் முதல் நாள் முகம் சுளிக்கும்.

தொழிற்பயிற்சி வகுப்புகளுக்குப் பாடத்திட்டம் எழுதுவது என் வேலை. கடைசியாக எழுதியது தொண்ணூறு மணி நேரப் பாடம்: கணினியைப் பழுது பார்ப்பது, நெட்வொர்க் இணைப்பது, அலுவலகத்தில் யாருக்காவது சிஸ்டம் ஓடவில்லை என்றால் போய் உதவுகிற ஹெல்ப் டெஸ்க் வேலை. முடிவில் ஒரு சான்றிதழ்த் தேர்வு உண்டு. அதில் தேறினால் கம்பெனிகள் மதிக்கும். கும்மிடிப்பூண்டியில் ஒரு பயிற்சி மையத்தில் பதினொரு பெண்கள் இந்தப் பாடத்தை முடித்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை தேர்வு. ஆனால் மாதிரித் தேர்வில் பதினொரு பேரில் எட்டுப் பேர் தேறவில்லை. குறை எங்கே என்று பார்த்துவர என்னை அனுப்பினார்கள்.

கும்மிடிப்பூண்டியும் திருவள்ளூர் மாவட்டம்தானே என்று எனக்குத் திருவள்ளூரில் அறை போட்டிருந்தார்கள். கடைக்காரரிடம் சொன்னபோது அவருக்கு ஒரே சிரிப்பு. "ஜில்லா ஒண்ணுதான் மேடம். ஆனா ரெண்டு ஊருக்கும் பேச்சுவார்த்த கெடையாது. பெரியபாளையம் போயி பஸ் மாறிக்கினு போவணும்."

பேருந்தில் ஏற இடமில்லை. "உள்ள போங்க, உள்ள போங்க, உள்ள காலியாதான் கீது" என்று நடத்துநர் கத்தினார். கூடையை இடுப்பில் இடுக்கியிருந்த ஒரு பெண்மணி, "காலியா கீற எடத்துல நீ வந்து நின்னு காமி நைனா, நான் எறங்கிக்கிறேன்" என்றார். பேருந்தே சிரித்தது. பெரியபாளையத்தில் மாறி, கும்மிடிப்பூண்டி போய்ச் சேர இரண்டு மணி ஐந்து நிமிடம்.

சிப்காட் தொழிற்பேட்டையில் லாரிகளுக்கு இடையே கிடைக்கிற இடத்தில்தான் மனிதர்கள் நடக்கிறார்கள். கடைப் பலகைகளில் தமிழ், தெலுங்கு, இந்தி மூன்றும் உண்டு. மதியம் ஆந்திரா மெஸ். பருப்புப் பப்பும் புளிச்சக்கீரைத் துவையலும் போட்டார்கள். துவையல் காரமா என்று கேட்டேன். "காரமே கெடையாது" என்றார் பரிமாறியவர். அவர் சொன்னதை நம்பியது என் தவறு என்று குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன்.

மூன்று மணிக்கு வகுப்பு. பயிற்றுநர் தேவகி அதே ஊர்க்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும். மாணவிகளில் பாதிப் பேர் கம்பெனிச் சீருடையோடு, முதல் ஷிப்ட் முடித்து நேராக வந்தார்கள். நான் "சொல்லுங்க, உட்காருங்க, எழுதிக்கோங்க" என்று எங்கள் ஊர் வழக்கப்படி பேசியதும் கடைசி வரிசையில் ஒரு கிசுகிசுப்பு. "மேடம் நம்மள மாமியார் ஊட்டு ஆளுங்க மாரி கூப்புடறாங்கடி." சொன்னவள் ஷமீமா. பழவேற்காட்டில் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண், வயது இருபத்துநான்கு.

அவளுக்குப் பக்கத்தில் மோகனா. வயது முப்பத்தொன்று. ஒரு கம்பெனியில் பேக்கிங் லைனில் ஒப்பந்த வேலை, வாரம் ஒரு ஷிப்ட் மாறும். தேவகி என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்: "அவ கம்பெனியிலயே ஐ.டி. ரூம்ல ஒரு எடம் கீது மேடம். பகல் வேல, நிரந்தரம். வெள்ளிக்கெழம பாஸ் பண்ணா சனிக்கெழம காலையில வந்து ஒக்காருன்னு சொல்லிட்டாங்க. இல்லன்னா வெளியிலர்ந்து ஆள் எடுத்துக்குவாங்க. அடுத்த பரீட்ச ஆறு மாசம் கழிச்சிதான்." மாதிரித் தேர்வில் தேறாத எட்டுப் பேரில் மோகனாவும் ஒருத்தி.

விடைத்தாள்களை வரிசை வரிசையாகப் பார்த்தேன். தவறுகள் அங்கங்கே சிதறியிருக்கவில்லை. எல்லாரும் ஒரே இடத்தில் ஒரே மாதிரித் தவறியிருந்தார்கள். நான்காம் கேள்வி: 'பிரிண்டர் வேலை செய்யவில்லை என்று ஊழியர் ஒருவர் புகார் செய்கிறார். முதலில் நீங்கள் செய்ய வேண்டியது என்ன?' ஊழியரிடம் விவரம் கேட்பது, மின்சாரத்தை நிறுத்துவது, மேலாளரிடம் தெரிவிப்பது, கருவியை மாற்றுவது என்று நான்கு விடைகள். சரியான விடை முதலாவது. எட்டுப் பேரும் மின்சாரத்தை நிறுத்தியிருந்தார்கள். இதே வார்ப்பில் இருந்த இன்னும் ஒன்பது கேள்விகளிலும் அதே கதை.

ஆங்கிலம் புரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துத் தமிழில் பலகையில் எழுதிக் கேட்டேன். "கரண்ட்ட நிறுத்தணும் மேடம்" என்று பளிச்சென்று ஒரே குரலில் பதில் வந்தது. சந்தேகமே இல்லாத குரல்.

ஜூலை 15, செவ்வாய். காலை வேலைகள் மேலே சொன்னபடியே. இட்லி மூன்றோடு நிறுத்திக்கொண்டேன். பதினொரு மணிக்கே மையத்துக்குப் போய், அங்கிருந்த இரண்டாம் எண் கணினியில் முதல் அலகைத் திருத்தி எழுதத் தொடங்கினேன். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை சேமிப்பது என் பழக்கம். அன்று மூன்று மணிக்கு ஷமீமா வீட்டிலிருந்து இறால் வறுவல் கொண்டுவந்தாள். ஒரு கையால் தின்றபடி இன்னொரு கையால் தட்டிக்கொண்டிருந்ததில் பழக்கம் தவறிவிட்டது.

அப்போது மின்சாரம் போய், மேசைக்கடியில் இருந்த யூ.பி.எஸ். கீச் கீச்சென்று கத்தியது. நான் குனிவதற்குள் மோகனா வந்துவிட்டாள். யூ.பி.எஸ்.ஸை அணைத்தாள், பிளக்கைப் பிடுங்கினாள், தன் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி, யாரும் மறுபடி போட்டுவிடாதபடி அந்த வயரில் மாட்டினாள், தேவகியைப் பார்த்துக் கையைத் தூக்கி, "அக்கா, ரெண்டாம் நம்பரு நிறுத்தியாச்சி" என்றாள். மற்றவர்கள் எல்லாரும் இரண்டடி பின்னால் போய் நின்றிருந்தார்கள். மொத்தம் ஐந்து விநாடிகூட ஆகியிருக்காது. என் நாற்பது நிமிட எழுத்தும் கணினியோடு அணைந்தது.

"ஏனுங்க மோகனா, என்னன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்களே?" என்றேன். கோபத்தை மரியாதைக்குள் வைத்துப் பேசினால் எங்கள் ஊரில் அதற்கு மதிப்பு அதிகம்.

அவளுக்குப் புரியவில்லை. "மிஷின் கத்துனா இன்னா மேடம் கேக்கறது? நிறுத்தணும், பூட்டணும், சொல்லணும். ரெண்டு வருஷமா அத்தான் பண்ணிக்கினு கீறேன். கேக்கறதுக்குள்ள கை பூடும்."

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: "எங்க லைன்ல ஒரு அக்கா 'இன்னாடி சத்தம்'னு கேட்டுக்கினு நின்னாங்க. ரெண்டு வெரலு பூட்ச்சி மேடம்."

நிறுத்து, பூட்டு, சொல். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தில் அவள் கம்பெனியின் ஒவ்வொரு தூணிலும் எழுதியிருக்கிறதாம். மற்ற பெண்களின் அப்பா, அண்ணன், கணவன் என்று யாராவது ஒருவர் வீட்டில் அதையே சொல்லியிருக்கிறார்கள். சோறு கொதித்துப் பொங்கினால்கூட முதலில் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் தன் வீட்டில் பேச்சே என்றாள் ஒருத்தி. நான் கோவையில் ஏ.சி. அறையில் உட்கார்ந்து முதல் அலகுக்குக் 'கணினியின் பாகங்கள்' என்று பெயர் வைத்திருந்தேன். இவர்களுக்கு அதற்கு முன்பே ஒரு பாடம் இருந்தது, விரல்களைக் காப்பாற்றுகிற பாடம். அதைத் தவறென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லவும் கூடாது. நாளைக்கே இவர்கள் திரும்பவும் அந்த லைனில் நிற்கலாம்.

போன நாற்பது நிமிடம் குறிப்பேட்டில் பென்சிலில் இருந்தது. எல்லாவற்றையும் இரண்டு முறை எழுதுகிறவளுக்கு இதில் கொஞ்சம் பெருமை உண்டு. மோகனா மட்டும் போகும்போது மூன்று முறை மன்னிப்புக் கேட்டாள்.

ஜூலை 16, புதன். பேருந்து டயர் பஞ்சரானது. ஐம்பது நிமிடம் ஒரு புளியமரத்தடியில் நின்றோம். நடத்துநர் எல்லாருக்கும் தன் கைக்காசில் டீ வாங்கிக் கொடுத்தார். கோவையில் இத்தனை மரியாதையாகப் பேசுகிற நடத்துநர்கள் யாரும் எனக்கு டீ வாங்கித் தந்ததில்லை.

மோகனாவின் ஷிப்ட் இரண்டு மணிக்கு முடிந்ததும், கம்பெனியின் ஐ.டி. அறைப் பொறுப்பாளர் குமரேசன் எங்களை உள்ளே அழைத்துப் போனார். ஹெல்ப் டெஸ்க் வேலை உண்மையில் எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும் என்று தேவகி மூலம் கேட்டிருந்தேன். எங்கள் அதிர்ஷ்டம், போன பத்தாவது நிமிடத்தில் போன் வந்தது. லாரிகளை எடை போடும் மேடையில் பிரிண்டர் சீட்டு அடிக்கவில்லை.

அங்கே போனால் பதினான்கு லாரிகள் வரிசையில் நின்று ஒலிப்பான் அடித்துக்கொண்டிருந்தன. கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தவர் ரமணய்யா, ஆந்திராவில் தடா பக்கத்துக்காரர். அந்தக் கம்பெனியில் எல்லாருக்கும் அவர் நைனா. மோகனாவின் கை தானாகப் பிளக்கை நோக்கிப் போனது. குமரேசன் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "இன்னா நைனா ஆச்சி?" என்றார்.

நைனா ஆரம்பித்தார். காலையில் நாஷ்டாவுக்குப் பூரி சரியில்லை. ஒரு டிரைவர் இவரை முறைத்தார், இவரும் முறைத்தார். வெயில் மூஞ்சியில் அடிக்கிறது என்று சொல்லிச் சொல்லிப் பேஜாராகிவிட்டது, யாரும் திரை போட்டுத் தரவில்லை. "அதான் நானே டேபிள அந்தாண்ட தள்ளிப் போட்டுக்கினேன்."

"எப்ப தள்ளுன நைனா?"

"சாப்ட்டு வந்து."

"சீட்டு எப்பலர்ந்து வரல?"

நைனா யோசித்தார். பிறகு மேசையின் பின்புறம் குனிந்து பார்த்தார். பிரிண்டர் வயர் பாதி கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. அவரே சொருகினார். சீட்டு வந்தது. லாரி நகர்ந்தது. குமரேசன் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கக்கூட இல்லை.

வெளியே வந்ததும் மோகனா சந்தேகத்தோடு கேட்டாள். "சார், சொம்மா பேசிக்கினு இருந்தீங்க. அதுவா வேல?"

"அத்தான் வேல" என்றார் குமரேசன். "நீ பிளக்க புடுங்கியிருந்தா காலையிலர்ந்து போட்ட எட மொத்தமும் திரும்பப் போடணும். அந்தப் பதினாலு டிரைவரும் உன்னத் தேடிக்கினு உங்க ஊட்டுக்கே வருவாங்க." பிறகு சிரிப்பு நின்றது. "சனிக்கெழமைக்குள்ள கத்துக்கோம்மா. எடத்த அதுக்கு மேல வெச்சிக்கினு இருக்க முடியாது."

ஜூலை 17, வியாழன். காலையில் கிழித்த நாட்காட்டித் தாளின் கீழே ஆடி 1 என்று அச்சிட்டிருந்தது. பார்த்தேன், குப்பைக் கூடையில் போட்டேன். இதை ஏன் எழுதுகிறேன் என்பது அடுத்த நாள் தெரியும்.

அன்றைய வகுப்பை ஒரே ஒரு கேள்வியில் தொடங்கினேன். "கையை எடுக்கிற மிஷின் எதெது? எடுக்காத மிஷின் எதெது?" பலகையில் இரண்டு பட்டியல் வளர்ந்தது. பிரஸ், கட்டர், கன்வேயர் ஒரு பக்கம். பிரிண்டர், கணினி, ஸ்கேனர் மறுபக்கம். யூ.பி.எஸ். எந்தப் பக்கம் என்று கால் மணி நேரம் சண்டை. புகை வந்தால் முதல் பக்கம், வெறுமனே கத்தினால் இரண்டாம் பக்கம் என்று தேவகி தீர்ப்புச் சொன்னார். முதல் பக்கத்துக்கு உங்கள் தூணில் எழுதியிருப்பதே சட்டம், அதில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாதீர்கள் என்றேன். இரண்டாம் பக்கத்துக்கு வேறு சட்டம்: முதல் இரண்டு நிமிடம் இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால். வாய் மட்டும்.

ஷமீமாவைப் புகார் சொல்லும் ஊழியராக உட்காரவைத்தோம். அவளை விடப் பொருத்தமான ஆள் கிடைக்கமாட்டார். "எங்க கடையில வந்து நிக்கறவங்க இன்னா வேணும்னு நேரா சொல்லவே மாட்டாங்க மேடம். உப்பு வாங்க வந்துட்டு மருமவள பத்தி பேசுவாங்க. நாமதான் நோண்டி எடுக்கணும்" என்றாள். அவள் சொன்ன புகாருக்குள் ஒரு நாத்தனார், ஒரு கல்யாணம், காணாமல் போன ஒரு கொலுசு எல்லாம் இருந்தன. அவற்றுக்கு நடுவே எங்கேயோ ஒரு கணினிக்கு பாஸ்வேர்டு மாற்றியிருந்தாள்.

மோகனா முன்னால் நின்றாள். கைகளைப் பின்னால் கட்டியிருந்தாள்; இருந்தும் விரல்கள் துடித்துக்கொண்டிருந்ததைப் பின்னாலிருந்தவர்கள் பார்த்துச் சிரித்தார்கள்.

"இன்னா ஆச்சி?" என்றாள். பிறகு, "எப்பலர்ந்து?" பிறகு கொஞ்சம் யோசித்து, "அதுக்கு முன்னாடி நீ இன்னா பண்ண?"

"கொலுச தேடிக்கினு இருந்தேன்" என்றாள் ஷமீமா.

"அடியேய், கொலுச உடு. கம்ப்யூட்டர இன்னா பண்ண?"

பாஸ்வேர்டு வெளியே வந்தது. வகுப்பு கைதட்டியது. என் பாடத்தில் 'சிக்கலை இனங்காணுதல்: பயனாளரிடம் தகவல் சேகரித்தல்' என்று நாலு பக்கம் எழுதியிருந்ததை அவள் மூன்று கேள்வியில் முடித்துவிட்டாள். அந்த மூன்றையும் அவள் சொன்னபடியே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

ஜூலை 18, வெள்ளி. தேர்வு மையம் திருவள்ளூரில். பதினொரு மணிக்குத் தேர்வு, 10.30க்குக் கதவு அடைத்துவிடுவார்கள். மாணவிகள் தேவகியோடு ஏழு மணிப் பேருந்தில் கிளம்புவதாக ஏற்பாடு. அதை எழுதிக் கொடுத்தவள் நான். 9.15க்குத் தேர்வு மைய வாசலில் நின்றேன். 9.20க்கு தேவகி போன் செய்தார். பின்னால் உடுக்கைச் சத்தமும் ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டும்.

"மேடம், பெரியபாளையத்துல மாட்டிக்கினோம். ஆடி மொத வெள்ளி. பஸ்ஸு அசையல. அம்மன் கோயிலுக்கு ஊரே வேப்பலையோட ரோட்ல கீது."

நாட்காட்டியைத் தினமும் கிழிக்கிறேன், படிப்பதில்லை. எங்கள் பக்கத்தில் ஆடி என்றால் துணிக்கடைத் தள்ளுபடிதான் முதலில் நினைவுக்கு வரும். என்ன செய்வதென்று தெரியாமல், "அங்கேயே இருங்க, நான் யாரிடமாவது சொல்றேனுங்க" என்றேன். சொல்வதற்கு எனக்கு அங்கே யாரும் இல்லை. போனில் மோகனாவின் குரல் குறுக்கே கேட்டது: "அக்கா, போன வைங்க. நான் கேட்டுக்கினு வரேன்."

பிறகு அறுபத்திரண்டு நிமிடம் எந்தத் தகவலும் இல்லை. நான் அந்த வாசலில் நடந்த நடையை எண்ணவில்லை. எண்ணாத ஒரே கணக்கு அதுதான்.

10.22க்கு ஒரு வேன் வந்து நின்றது. முன்னால் வேப்பிலைக் கட்டு, மேலே பொங்கல் பானைகள். உள்ளிருந்து நெற்றி நிறையக் குங்குமத்தோடு பத்துப் பெண்களும், அவர்கள் நடுவே முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஷமீமாவும், கடைசியாகத் தேவகியும் இறங்கினார்கள். மோகனா பேருந்திலிருந்து இறங்கி, நின்ற வண்டிகள் ஒவ்வொன்றின் ஜன்னலிலும் தட்டி, எப்போது வந்தீர்கள், எந்த ஊர், எப்போது திரும்புகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே போயிருக்கிறாள். ஏழாவது வண்டி விடியற்காலையிலேயே பொங்கலிட்டு முடித்துத் திருவள்ளூர் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. உள்வழி ஓட்டுநருக்குத் தெரியும். "ஒண்ணும் பண்ணல மேடம். சொம்மா பேசினேன்" என்று சொல்லி என் கையில் ஒரு தொன்னைப் பொங்கலைத் திணித்துவிட்டு உள்ளே ஓடினாள். கதவு அடைத்தார்கள்.

ஒன்றரை மணி நேரம் கழித்து ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். முடிவு திரையிலேயே தெரிந்துவிடும். பதினொரு பேரில் ஒன்பது பேர் தேறியிருந்தார்கள். தேறாத இருவரில் ஷமீமா ஒருத்தி. ஒரு நீளமான கேள்வியில் நோண்டிக்கொண்டே இருந்து நேரத்தை விட்டுவிட்டாள். கண் கொஞ்சம் கலங்கியது. பிறகு அவளே, "ஆறு மாசந்தான மேடம், கட எங்கியும் ஓடிடாது. அதுக்குள்ள சீக்கிரம் கேக்கறதுக்கு ஒரு பாடம் எழுதி வைங்க" என்றாள். எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

மோகனா கடைசியாக வந்தாள். அச்சிட்ட தாளை என்னிடம் நீட்டினாள். தேவையான மதிப்பெண்ணுக்கு மேல் பதினொன்று.

"நாலஞ்சி கேள்வி நம்ம கேள்விதான் மேடம்" என்றாள். "பரீட்ச முழுக்க ஒரு கைய பின்னாடியே வெச்சிக்கினு எழுதினேன். சூப்பர்வைசரு வந்து பின்னாடி இன்னா ஒளிச்சி வெச்சிக்கினு கீறன்னு பாத்துட்டுப் போனாரு."

வடகறிக் கடையில் பதின்மூன்று பேருக்கும் இடம் போதாமல் பாதிப் பேர் நின்றபடி சாப்பிட்டோம். கடைக்காரர் என்னைப் பார்த்து, "இன்னா மேடம், ரெண்டு ஊருக்கும் பேச்சுவார்த்த ஆரம்பிச்சிட்டீங்களா?" என்றார்.

ஜூலை 19, சனி. 5.10க்கு எழுந்தேன். மோகனா 8.30க்கு ஐ.டி. அறையில் உட்கார வேண்டும். கெட்டிலைத் தொடவில்லை, நாட்காட்டியையும் கிழிக்கவில்லை. விளக்கைப் போட்டு, பாடத்திட்டத்தின் முதல் பக்கத்தை எடுத்து, 'அலகு ஒன்று: கணினியின் பாகங்கள்' என்பதை அளவுகோல் வைத்து ஒரே கோட்டில் அடித்தேன். அதன் மேல் பேனாவால் எழுதினேன்: 'அலகு ஒன்று: இன்னா ஆச்சி?'

பிறகுதான் வெந்நீர் வைத்தேன்.